அளவுகோல் யார் கையில்?

மனிதன் செய்த வேலையை அளந்து பார்ப்பது நேற்று இன்று தோன்றிய வழக்கமன்று. அறுவடை முடிந்த களத்திலே மரக்கால் இருந்தது. தறிக்காரனின் திண்ணையிலே முழக்கோல் இருந்தது. அந்த மரக்காலிலும் வஞ்சனை உண்டு. வாங்குவதற்கு ஒன்று, கொடுப்பதற்கு ஒன்று என இரு மரக்கால்களை வைத்திருந்த நிலச்சொந்தக்காரரைப் பற்றி நமது கிராமங்கள் நன்கறியும். எனினும் அம்மரக்கால் அளந்தது நெல்லைத்தான். அறுத்தவன் எத்தகையவன், அவனை வைத்துக்கொள்ளலாமா, அனுப்பிவிடலாமா என்னும் வினாக்களுக்கு அது விடை கூற முற்படவில்லை.

இன்றைய ஸ்தாபனங்களின் அளவுகோல் அந்த எல்லையைக் கடந்துவிட்டது. செயலாற்றுகை மதிப்பீடு, உற்பத்தித்திறன் முகாமைத்துவம், இலக்கு, புள்ளி, தரவரிசை எனப் பல பெயர்களில் அது தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் வங்கியிலும் வைத்தியசாலையிலும் வகுப்பறையிலும் புகுந்துள்ளது. அது பொருளை அளப்பதுடன் நில்லாது, பொருளைக் கொண்டு மனிதனையும் அளக்கிறது. அளந்து முடித்ததும் அவனுக்கு ஓர் இலக்கத்தை இட்டு, அவ்விலக்கத்தின்படியே அவனது சம்பள ஏற்றத்தையும் பதவியையும் சில வேளைகளில் மானத்தையும் தீர்மானிக்கிறது. ஆகவே இது நிருவாகிகள் தமக்குள்ளே பேசித் தீர்க்கும் நுணுக்கப் பிரச்சினை மட்டுமன்று. மனிதனின் உழைப்பை அளப்பது அறமாகுமா, ஆகுமெனின் எந்நிபந்தனைகளில் ஆகும் என்னும் ஒழுக்கவியற் பிரச்சினையுமாகும்.

இப்பிரச்சினைக்கு இரு எளிய விடைகள் வழங்கி வருகின்றன. அளக்கப்படாத எதுவும் முன்னேறாது என்பது முகாமையாளரின் விடை. மனித உழைப்பு எண்ணுக்குள் அடங்காத ஒன்று, எனவே அதனை அளக்க முற்படுவதே இழிவு என்பது மனிதாபிமானியின் விடை. இரண்டும் கேட்பதற்கு இனியவை, இரண்டும் போதாதவை. முதலாவது விடை, அளப்பவன் யார், எதற்காக அளக்கிறான் என்பதை மறைத்துவிடுகிறது. இரண்டாவது விடை, அளவுகோலே இல்லாத இடத்தில் எளியவனுக்கு என்ன நேர்கிறது என்பதை மறந்துவிடுகிறது. நம் கண்முன் உள்ள சில உண்மைகளிலிருந்தே இதனை ஆராய்தல் பொருத்தமாகும்.

* * *

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலே ஒரு நாள் உழைப்புக்குப் 'பேர்' என்று வழங்குவர். காலையில் பிரட்டுக்களத்திற் கூடி, கங்காணி காட்டும் மலைக்கு ஏறி, நாள் முழுவதும் கொழுந்து பறித்துத் தராசடிக்கு வந்து நிற்கும் பெண்ணுக்கு, அன்று முழுப்பேர் விழுந்ததா, அரைப்பேர் விழுந்ததா என்பதே பெருங்கவலை. குறித்த நிறை குறையுமாயின், அவள் வெயிலிலும் மழையிலும் எட்டு மணித்தியாலம் நின்றது உண்மையேயாயினும், செக்றோலில் அவளுக்குரிய இடத்தில் அரைப்பேரே பதியப்படும். நாட்கூலி என்று சொல்லப்படுவது இவ்வாறு சந்தடியின்றி நிறைக்கூலியாக மாறிவிடுகிறது.

அந்தத் தராசு எதனை நிறுக்கிறது? கொழுந்தை என்று கூறுவோம். ஆனால் அக்கொழுந்தின் நிறை அவளுடைய விரல்களால் மட்டும் உண்டானதன்று. செடியின் வயது, அதற்கு இட்ட பசளை, கவ்வாத்து வெட்டி எத்தனை காலம், மலையின் சரிவு, அண்மையில் மழை பெய்ததா, புல் வெட்டப்பட்டதா என்பன யாவும் அந்த நிறைக்குள் அடங்கியுள்ளன. நல்ல பராமரிப்பில் உள்ள மலையில் காலை நிறுவையிலேயே கைகூடும் நிறை, கைவிடப்பட்ட மலையில் மாலை வரை அலைந்தாலும் கூடாது. போதாக்குறைக்குக் கூடைக்கும் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று கழிக்கப்படும் கிலோக்கள் வேறு. இத்தனை காரணங்களையும் ஒன்றாகத் திரட்டி, அவற்றின் விளைவை ஒரு பெண்ணின் பெயருக்கு எதிரே எழுதிவிடுவதுதான் நிறுவையின் முதற் பொய்.

அண்மைக் கால வரலாறு இதனை இன்னும் தெளிவாக்கும். 2016ஆம் ஆண்டுக் கூட்டொப்பந்தத்தில் நாளொன்றுக்குரிய 730 ரூபாவும் நான்கு கூறுகளாக வகுக்கப்பட்டது: அடிப்படைச் சம்பளம் 500 ரூபா, வரவுக் கொடுப்பனவு 60 ரூபா, உற்பத்தித்திறன் கொடுப்பனவு 140 ரூபா, விலைப்பங்குக் கொடுப்பனவு 30 ரூபா. அதாவது ஒரு நாள் வாழ்வுக்கு வேண்டிய கூலியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு, வரவு, நிறை, சந்தை ஆகியவற்றின் நிபந்தனைகளுக்கு உட்படுத்தப்பட்டது. 2019இல் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவாக உயர்ந்தபோது வரவுக் கொடுப்பனவும் உற்பத்தித்திறன் கொடுப்பனவும் நீக்கப்பட்டன. நீண்ட போராட்டத்தின் பின் 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபையின் மூலம் 1000 ரூபா நாட்சம்பளம் சட்டமாயிற்று. உடனே பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய நிறை 18 கிலோ, 20 கிலோ என உயர்த்தப்படுவதாகத் தொழிலாளர் முறையிட்டனர். சட்டம் சம்பளத்தை நிர்ணயித்தது. தராசின் முள் எங்கு நிற்க வேண்டுமென்பதைத் தோட்ட நிருவாகம் நிர்ணயித்தது. முன்வாசலால் வந்த உயர்வு பின்வாசலால் வெளியேறக்கூடிய வழி அதுவாகும்.

அதே ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. சில மாதங்களின் பின் தடை தளர்த்தப்பட்டதாயினும் செடிகள் அதற்குள் இளைத்துவிட்டன. பொருளாதார நெருக்கடியும் அதனோடு சேர்ந்துகொண்டது. 2021இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. பசளையைத் தடைசெய்தவர் கொழும்பில் இருந்தனர். அத்தடையினால் மெலிந்த செடியின் முன் நின்றவளோ, முன்னைய நிறையையே, சில இடங்களில் அதனினும் கூடிய நிறையை, பறித்துத் தரவேண்டியவளாக இருந்தாள். ஒரு நாட்டின் கொள்கைத் தவறு ஒரு பெண்ணின் 'உற்பத்தித்திறன் குறைவு' எனப் பதிவாகக்கூடிய ஏற்பாடு அது. அளவுகோலைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இதனினும் சிறந்த பாடம் வேண்டியதில்லை.

* * *

தோட்டத்துத் தராசுக்கு விஞ்ஞானம் என்னும் பட்டத்தைச் சூட்டியவர் அமெரிக்கப் பொறியியலாளரான பிரெடெரிக் ரெயிலர். கையில் மணிக்கூட்டுடன் தொழிலாளியின் ஒவ்வோர் அசைவையும் செக்கன் கணக்கில் அளந்து, வீண் அசைவுகளை நீக்கி, ஒரே சிறந்த முறையை வகுத்துக் கொடுக்கலாம் என்பது அவர் கொள்கை. 1911இல் வெளியான தமது நூலில், 1899ஆம் ஆண்டளவில் பெத்லகேம் உருக்காலையில் நடந்த பரிசோதனையொன்றை அவர் விரித்துரைக்கிறார். வார்ப்பிரும்புக் கட்டிகளை வண்டியில் ஏற்றும் தொழிலாளர் நாளொன்றுக்குச் சராசரி 12½ தொன் ஏற்றி வந்தனர். ரெயிலரின் முறைப்படி தெரிந்தெடுக்கப்பட்ட தொழிலாளி 47 தொன்னுக்கு மேல் ஏற்றினான் என்றும், அவனது கூலி 1 டொலர் 15 சதத்திலிருந்து 1 டொலர் 85 சதமாக உயர்ந்தது என்றும் அவர் பெருமையுடன் கூறுகிறார்.

அவர் தந்த எண்களையே அவருக்கெதிராக வாசிக்கலாம். வேலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. கூலி நூற்றுக்கு ஏறத்தாழ 60 வீதம் கூடிற்று. இடையிலுள்ள வேறுபாடு யாருக்குச் சென்றது என்பதை விளக்கக் கணிதம் வேண்டியதில்லை. ஆயின் இவ்வேறுபாட்டிலும் ஆழமான ஒன்று அவரது கொள்கையில் உண்டு. சிந்தனை வேலை யாவும் தொழிற்கூடத்திலிருந்து அகற்றப்பட்டுத் திட்டமிடும் பகுதிக்குக் கொண்டுசெல்லப்பட வேண்டும் என்பது ரெயிலரின் அடிப்படை விதி. தமிழில் 'எண்ணுதல்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு: கணக்கிடுதல் ஒன்று, சிந்தித்தல் மற்றொன்று. ரெயிலரின் தொழிற்சாலையில் இவ்விரண்டும் மேலே சென்றன. கீழே நின்றவனுக்கு எஞ்சியது எண்ணப்படுதல் மட்டுமே.

தொழிலாளர் இதனை மௌனமாக ஏற்கவில்லை. 1911 ஆகஸ்டில் வாட்டர்ரவுன் அரசாங்க ஆயுதசாலையின் வார்ப்புத் தொழிலாளர், மணிக்கூட்டுடன் ஒருவர் தம் அருகே வந்து நின்றதை எதிர்த்து வேலையை விட்டு வெளியேறினர். அமெரிக்கக் காங்கிரஸ் விசாரணை நடத்தியது. 1915இல் இராணுவ ஆயுதசாலைகளில் மணிக்கூட்டு அளவையைத் தடைசெய்யும் விதி நிறைவேறியது. அவர்களது எதிர்ப்பு கூலியைப் பற்றியது மட்டுமன்று. தமது கைத்திறனைத் தம்மிடம் கேட்காமலே ஒருவர் துண்டுதுண்டாக வெட்டி எழுதிக்கொள்வதைப் பற்றியதுமாகும்.

இதன் தத்துவத்தை மார்க்ஸ் 1867இலேயே 'மூலதனம்' முதற் பாகத்தில் எடுத்துக்காட்டியிருந்தார். செய்த பொருளின் அளவுக்கேற்பக் கூலி கொடுக்கும் முறையில் மேற்பார்வையாளனின் தேவை பெரிதும் நீங்கிவிடுகிறது. தொழிலாளி தன்னைத்தானே விரட்டிக்கொள்கிறான். தனது வருவாய் கூடுமென்று அவன் இன்று வேகமாகச் செய்வது, நாளை எல்லாருக்கும் உரிய சாதாரண வேகமாக விதிக்கப்படுகிறது. ஒருவனது சிறப்பு அனைவரது கடமையாகிவிடும் இப்பொறிமுறையை மனத்திற் கொண்டால், இன்று பொருட் களஞ்சியங்களில் தொழிலாளியின் கையிலுள்ள கருவி அவன் வேலையின்றி நின்ற நிமிடங்களை எண்ணி மேலிடத்துக்கு அனுப்புவது புதிய அற்புதமாகத் தோன்றாது. கருவி புதிது, கணக்கு பழையது.

* * *

இது முதலாளித்துவத்துக்கு மட்டுமுரிய நோய் என்று கூறி அமைதியடைவது முற்போக்காளருக்கு இலகுவானது, ஆனால் நேர்மையானதன்று. 1914இல் லெனின் ரெயிலர் முறையை மனிதன் இயந்திரத்துக்கு அடிமையாவதென்று கண்டித்தார். 1918இல், புரட்சியின் பின், அதே முறையிலுள்ள சுரண்டலின் கொடுமையையும் விஞ்ஞானத்தின் சாதனையையும் வேறுபடுத்திக் காட்டி, பின்னதைச் சோவியத் அரசு கற்றுப் பயன்படுத்த வேண்டுமென்றார். பசியும் போரும் சூழ்ந்த நாட்டில் அவ்வாறு கூறியதற்கு நியாயம் இல்லாமலில்லை. அளவுகோலின் உடைமை மாறினால் அதன் இயல்பும் மாறுமென்பது அதிலடங்கிய நம்பிக்கை.

அந்நம்பிக்கையை 1935இல் நடந்தது சோதித்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 30ஆம் திகதி இரவு தொன்பாஸ் சுரங்கமொன்றில் அலெக்ஸி ஸ்தகானோவ் என்னும் தொழிலாளி, ஆறு மணித்தியாலத்துக்கும் குறைந்த நேரத்தில் 102 தொன் நிலக்கரி வெட்டினார். விதிக்கப்பட்ட அளவு 7 தொன். ஏறத்தாழ பதினான்கு மடங்கு! ஆனால் அன்றிரவு அவர் கரியை மட்டுமே வெட்டினார்; சுரங்கக் கூரைக்கு மரம் தாங்கும் வேலையை, வழக்கத்துக்கு மாறாக, வேறு தொழிலாளர் அவர் பின்னே நின்று செய்தனர். பலர் கூடிச் செய்த வேலையின் சாதனை ஒருவர் பெயரில் பதிந்தது. வேலையைப் பகிர்ந்து செய்யும் முறையைக் கற்பிக்க அது உதவியிருக்கலாம். நடந்ததோ வேறு: அவ்வாண்டு இறுதியில் எடுக்கப்பட்ட முடிவின்படி 1936இல் தொழிற்றுறைகள் பலவற்றில் விதியளவுகள் உயர்த்தப்பட்டன. சாதனையாளரைப் போற்றிய அதே சுரங்கங்களில் அவர்மீது வெறுப்பும் தோன்றியது. தராசின் உடைமை மாறியிருந்தது. முள்ளை நகர்த்தும் அதிகாரமோ கீழே வரவில்லை.

நம் நாட்டிலும் இதற்கொரு சிறு ஒப்புமை உண்டு. 1970களில் பெருந்தோட்டங்கள் தேசியமயமாயின. துரைமாரின் கம்பனிகள் சென்றன. அரச கூட்டுத்தாபனங்கள் வந்தன. 1992இல் தனியார் கம்பனிகள் மீண்டும் முகாமைத்துவத்தை ஏற்றன. மூன்று காலங்களிலும் பிரட்டுக்களமும் செக்றோலும் அரைப்பேரும் அப்படியே இருந்தன. உடைமையைப் பற்றிய வினா மிக முக்கியமானது. ஆயினும் அதற்கு விடை கண்டவுடன் அளவுகோலைப் பற்றிய வினா தானாகவே தீர்ந்துவிடுவதில்லை.

* * *

ஆசிரியர்களாகிய நம் வாசகர்க்கு இன்னும் அண்மையிலுள்ள உதாரணம் ஒன்றைக் காண்போம். 1862இல் இங்கிலாந்து அரசாங்கம் பாடசாலைகளுக்கு நன்கொடை வழங்கப் புதியதொரு முறையை வகுத்தது. இதனை முன்னின்று கொணர்ந்தவர் றொபேட் லோ. பிள்ளை ஒன்றுக்கு வரவுக்காக 4 சிலிங். வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் மூன்றிலும் பரீட்சகர் முன் சித்தியடைந்தால் 8 சிலிங். தவறும் ஒவ்வொரு பாடத்துக்கும் 2 சிலிங் 8 பென்ஸ் கழிவு. பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு என்பது அதன் பெயர். நோக்கம் தீயதென்று கூற முடியாது: கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் கவனித்து ஏனையோரைப் பின்வாங்கில் விட்டுவிடும் ஆசிரியர்களைத் திருத்துவதும் அதிலொன்று.

விளைவு என்ன? நன்கொடை தரும் மூன்று பாடங்களைத் தவிர்ந்த ஏனையவை சுருங்கின. பரீட்சகர் வாசிக்கச் சொல்லும் புத்தகத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்தனர். ஒப்புவித்தல் வாசிப்பாகக் கணிக்கப்பட்டது. பாடசாலைப் பரிசோதகராகக் கடமையாற்றிய கவிஞர் மத்தியூ ஆனல்ட் இம்முறை கல்வியை இயந்திரமாக்குகிறது எனத் தொடர்ந்து எதிர்த்தார். 1890களில் அது கைவிடப்பட்டது. அதற்குள் இலங்கைக்கும் அது கப்பலேறி வந்துவிட்டது: 1870களில் இங்குள்ள உதவிபெறும் பாடசாலைகளுக்கும் பரீட்சைப் பெறுபேற்றுக்கேற்பவே பணம் வழங்கப்பட்டது.

அம்முறை சட்டப் புத்தகத்திலிருந்து சென்றது; நம் மனத்திலிருந்து சென்றதா? ஐந்தாந் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளிக்கு மேல் எத்தனை பிள்ளைகள், சாதாரண தரத்தில் ஒன்பது பாடத்திலும் அதிவிசேட சித்தி எத்தனை பேர் என்பவற்றைக் கொண்டே பாடசாலையையும் அதிபரையும் ஆசிரியரையும் மதிப்பிடும் வழக்கம் எங்கும் வேரூன்றியுள்ளது. வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நிற்கும் பிள்ளைக்கு மாலை வகுப்பும் விடுமுறை வகுப்பும் உண்டு. எழுத்துக் கூட்ட முடியாது தவிக்கும் பிள்ளைக்கோ யாரிடமும் நேரமில்லை. அவன் எத்துணை முன்னேறினாலும் அம்முன்னேற்றம் பாடசாலை வாயிலிற் கட்டப்படும் பதாகையில் ஏறாது. பின்வாங்குப் பிள்ளைக்காக வகுக்கப்பட்டதாகச் சொல்லப்பட்ட அளவுகோல், பின்வாங்கை இன்னும் பின்னே தள்ளிவிட்டது.

இவ்வியல்பை 1970களில் இருவர் வெவ்வேறு துறைகளில் நின்று கண்டுரைத்தனர்: ஒருவர் அமெரிக்க உளவியலறிஞர் டொனல்ட் காம்பெல், மற்றவர் இங்கிலாந்துப் பொருளியலறிஞர் சார்ள்ஸ் குட்ஹாட். ஓர் அளவையைக் கொண்டு மனிதரை ஆளத் தொடங்கினால், அவ்வளவை தான் காட்ட வேண்டிய உண்மையைக் காட்டாது கெட்டுவிடும் என்பது அவர்தம் கருத்தின் சாரம். அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கி இதற்குப் பெரும் சான்றாயிற்று. வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் எட்டுக் கணக்குகளையேனும் விற்க வேண்டுமென்பது அங்கு வகுக்கப்பட்ட இலக்கு. இலக்கை எட்ட முடியாத ஊழியர், வாடிக்கையாளர் அறியாமலே அவர் பெயரில் கணக்குகளைத் திறந்தனர். 2016இல் இது அம்பலமாகி, வங்கிக்கு 18½ கோடி டொலர் தண்டம் விதிக்கப்பட்டபோது, சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 5,300 ஊழியர் இதன்பொருட்டு வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்தமை தெரியவந்தது. போலிக் கணக்குகள் 35 இலட்சம் வரை இருக்கலாமென 2017இல் மதிப்பிடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் ஒரே பொய்யைச் சொல்வார்களாயின், அதனைத் தனி மனிதரின் ஒழுக்கக்கேடு என்று மட்டும் கூறலாகாது. பொய் சொன்னாலன்றி வேலையில் நிலைக்க முடியாத நிலையை உண்டாக்கியவனுக்கே அப்பொய்யில் முதற் பங்கு உண்டு.

* * *

அப்படியாயின் அளவுகோல்களை முறித்து எறிந்துவிடலாமா? இங்கேதான் மனிதாபிமானியின் விடை நம்மைக் கைவிடுகிறது. தராசில்லாத தோட்டத்தைக் கற்பனை செய்து பாருங்கள். அங்கே யாருக்கு முழுப்பேர் என்பதைக் கங்காணியின் முகமே தீர்மானிக்கும். அவனது உறவினள், அவன் சொற்கேட்பவள் நல்ல உழைப்பாளியாவாள். எதிர்த்துப் பேசியவள் சோம்பேறியாவாள். எழுத்திலமைந்த அளவை இல்லாத அலுவலகத்திலே பதவி உயர்வு சாதிக்கும் சொந்தத்துக்கும் கட்சிக் கடிதத்துக்கும் போய்ச் சேரும். இதனை இந்நாட்டு மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. எண் கொடியதாயிருக்கலாம், ஆனால் அதனை எதிர்த்து வாதிடலாம். முகக்குறிப்பை எதிர்த்து எவ்வாறு வாதிடுவது?

மேலும், ஒடுக்கப்பட்டோரின் வெற்றிகள் பலவற்றிலே அளவைக்குப் பங்குண்டு. எட்டு மணித்தியால வேலைநாள் என்பதே ஓர் அளவைதான். கிரிமியப் போரின்போது படைவீரரிற் பெரும்பாலானோர் காயங்களினாலன்றி நோயினாலேயே இறந்தனர் என்பதைப் புளோரன்ஸ் நைற்றிங்கேல் 1858இல் எண்களால் நிறுவிய பின்னரே, வைத்தியசாலைச் சுகாதாரத்தை அரசு அலட்சியம் செய்ய முடியாமற்போயிற்று. 'மூலதனம்' நூலில் வேலைநாளைப் பற்றிய அத்தியாயம் பெரும்பாலும் இங்கிலாந்துத் தொழிற்சாலைப் பரிசோதகரின் அறிக்கைகளின் மீதே எழுப்பப்பட்டது. காலையிற் சில நிமிடம், உணவு வேளையிற் சில நிமிடம் என முதலாளி திருடிய நேரத்தைக் கூட்டினால் ஆண்டுக்கு எத்தனை நாள் ஆகுமென்று அப்பரிசோதகர் கணக்கிட்டுக் காட்டினர். அங்கே மணிக்கூடு முதலாளியை அளந்தது.

ஆகவே நன்மையும் தீமையும் எண்ணில் இல்லை; எண் செல்லும் திசையில் உள்ளன. இதிலிருந்து நேர்மையான அளவைக்குரிய நிபந்தனைகள் சிலவற்றைப் பெறலாம்.

முதலாவது, அளக்கப்படுபவர் அளவுகோலை வகுப்பதிற் பங்குகொள்ள வேண்டும். இன்ன மலையில், இன்ன பருவத்தில், எவ்வளவு பறிக்கலாமென்பதைப் பறிப்பவளைவிட அறிந்தவர் யாருமில்லை. அவ்வறிவை ஒதுக்கிவிட்டு வகுக்கும் விதியளவு விஞ்ஞானமாகாது. அது வெறும் கட்டளை.

இரண்டாவது, ஒருவரது கைக்கு எட்டாத காரணங்களுக்கு அவரைப் பொறுப்பாக்கலாகாது. 1950இல் யப்பானுக்குச் சென்று தர மேம்பாட்டைக் கற்பித்த அமெரிக்கப் புள்ளிவிபரவியலறிஞர் எட்வேட்ஸ் டெமிங் இடதுசாரியல்லர். பெருங் கம்பனிகளின் ஆலோசகர். தொழிற்சாலைக் குறைபாடுகளில் மிகப் பெரும்பாலானவை அங்குள்ள அமைப்பிலிருந்தே எழுகின்றன, அமைப்புக்குப் பொறுப்பு முகாமைத்துவமே என அவரும் வாதித்தார். தொழிலாளிக்கு எண்ணளவு இலக்கு விதிப்பதையும் ஆண்டுதோறும் புள்ளியிட்டுத் தரப்படுத்துவதையும் ஒழிக்க வேண்டுமென்றார். நமது நாட்டிலே உற்பத்தித்திறன் விருதுக்காக யப்பானிய முறையில் அலுமாரிகளையும் கோப்புகளையும் ஒழுங்குபடுத்திப் பெயரொட்டும் ஸ்தாபனங்கள், இந்தப் பாடத்தையும் சேர்த்துக் கற்றிருக்கலாம்.

மூன்றாவது, அறிவதற்கான அளவையையும் தண்டிப்பதற்கான அளவையையும் ஒன்றாக்கலாகாது. எந்தப் பிள்ளைக்கு எது விளங்கவில்லை என்பதை அறியப் பரீட்சை வைக்கும் ஆசிரியருக்கு உண்மை கிடைக்கும். அதே புள்ளியைக் கொண்டு ஆசிரியரைத் தண்டிக்கும் மேலதிகாரிக்குக் கிடைப்பது அலங்கரிக்கப்பட்ட பொய்யே.

நான்காவது, அளவுகோல் இரு திசையிலும் செல்ல வேண்டும். பறித்த கிலோவைக் கிராம் பிசகாது எழுதும் தோட்டத்தில், லயத்துக் கூரை ஒழுகும் நாட்களை எழுதுபவர் யார்? வைத்தியரின்றிக் கிடக்கும் மருந்தகத்தின் நாட்கள், பசளையிடாத ஏக்கர்கள், நிருவாகச் செலவு ஆகியவற்றுக்கும் செக்றோல் உண்டா? ஆசிரியரின் பெறுபேற்றைக் கேட்கும் திணைக்களம், பல ஆண்டுகளாகக் கணித ஆசிரியர் இல்லாத பாடசாலைக்குத் தனது பெறுபேறாக எதனைக் காட்டும்? மேலிருந்து கீழே மட்டும் நோக்கும் அளவைக்குக் கண்காணிப்பு என்பதே பொருத்தமான பெயர். இரு திசையிலும் நோக்கும்போதுதான் அது கணக்குக் கொடுத்தல் என்னும் அறமாகிறது. கணக்குக் கொடுப்பது மனிதனைத் தாழ்த்துவதில்லை. தன் வேலையைப் பற்றித் தன் வாயால் பேசும் உரிமை அதில் அவனுக்குண்டு.

இந்நான்கும் நிறைவேறினாலும் ஓர் எல்லை எஞ்சுகிறது. 1875இல் கோதா வேலைத்திட்டத்தை விமர்சித்தபோது மார்க்ஸ் இதனைச் சுட்டினார்: எல்லாரையும் ஒரே அளவுகோலால் அளப்பது சமத்துவம்போலத் தோன்றும், ஆனால் மனிதர் ஒருவர்க்கொருவர் சமமான உடலும் சமமான குடும்பச் சுமையும் கொண்டவரல்லர் ஆதலின், அச்சம அளவையே சமமின்மையை விளைவிக்கும். இருபது வயதுப் பெண்ணுக்கும் ஐம்பது வயதுப் பெண்ணுக்கும், பாலூட்டும் தாய்க்கும் அச்சுமை இல்லாதவளுக்கும் ஒரே பதினெட்டுக் கிலோ. தராசு பொய் சொல்லவில்லை. ஆயினும் நீதி அங்கு இல்லை. எனவே உயிர்வாழ்வதற்கு வேண்டிய கூலியை அளவுகோலின் பிடியிலிருந்து விடுவிப்பதே முதற் கடமை. அதற்கு மேலே சிறந்த உழைப்பைப் பாராட்ட எந்த அளவையையும் கூடிப் பேசி வகுத்துக்கொள்ளலாம். ஆனால் நாள் முழுவதும் உழைத்தவளின் பேரைப் பாதியாக்கும் உரிமை எந்தத் தராசுக்கும் இல்லை.

நாம், ஆசிரியரும் மாணவரும், அளக்கப்படுபவர் மட்டுமல்லர், அளப்பவருங்கூட. நாளை வகுப்பிலே விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியர், அப்புள்ளி பிள்ளையின் விரலை மட்டும் நிறுக்கிறதா, அல்லது அவன் வீட்டு விளக்கையும், காலையில் உண்டானா என்பதையும், தமது போதனையையும் சேர்த்து நிறுக்கிறதா எனக் கேட்டுக்கொள்ளலாம். பல்கலைக்கழகம் விட்டு நிருவாக உத்தியோகத்துக்குச் செல்லும் மாணவர், தம் முன் வைக்கப்படும் இலக்கப் பட்டியலில் கையொப்பமிடுமுன், இதனை வகுத்தவர் யார், மாற்றும் அதிகாரம் யாருக்கு, இதன் மறுபக்கத்தில் யாருடைய கணக்கு எழுதப்பட்டுள்ளது என வினவலாம். வினவுபவர் ஒருவராயின் அவரது செயலாற்றுகைப் புள்ளி குறையக்கூடும். தொழிற்சங்கமாக வினவுவோரின் புள்ளியைக் குறைப்பது அத்துணை எளிதன்று.